கடல் ஒதுக்கும் கல்லும் ஒரு சிறுவனின் கேள்வியும்

 



உங்களில் பலருடைய வலக்கை விரலில் ஓர் அகீக் மோதிரம் இருக்கிறது. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பியவர் அன்பளிப்பாகக் கொடுத்ததாக இருக்கலாம். பாட்டனார் விட்டுச் சென்றதாகவும் இருக்கலாம். அந்தக் கல் எங்கிருந்து வந்தது, எப்படி உருவானது என்று என்றேனும் எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நானும் எண்ணியதில்லை. ஏழாண்டுகள் மதரஸாவில் ஓதி, இருபதாண்டுகளாக மிம்பரில் நின்று பேசிவரும் இந்த அடியான், அக்கல்லைத் தன் கையால் மண்ணிலிருந்து பொறுக்கி எடுத்தது ஓர் அந்நிய நாட்டின் குளிர்காலக் கடற்கரையில்தான். அங்கே நான் கற்றதையும், ஒரு சிறுவனிடம் நான் செய்த பிழையையும் இன்று உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தம்பி அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரின் புறநகர் ஒன்றில் குடும்பத்தோடு வசித்து வருகிறார். ஒரு டிசம்பரில் அவருடைய அழைப்பை ஏற்று நான் அங்குச் சென்றிருந்தேன். தம்பி மகனுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் எனக்குக் காட்டியது பள்ளிச் சான்றிதழையோ விளையாட்டுக் கோப்பையையோ அல்ல. கண்ணாடிக் குவளை நிறையத் தேன் நிறக் கற்களை. "பெரியத்தா, இவற்றைத்தானே நீங்கள் அகீக் என்பீர்கள்?" என்றான். அடுத்த சனிக்கிழமை, இரண்டரை மணி நேரப் பயணத்தில் நியூபோர்ட் என்னும் கடலோர ஊருக்குப் போனோம். அவ்வூரில் ஒரு கடற்கரைக்குப் பெயரே 'அகேட் பீச்'. அகேட் என்பது நாம் அகீக் என்று அழைக்கும் கல்லினத்தின் ஆங்கிலப் பெயர். அதற்கும் வடக்கே மூலாக், பெவர்லி என்னும் கரைகள் உள்ளன. நாங்கள் நடந்தது அங்கேதான்.

கடற்கரை என்றதும் நம் உள்ளத்தில் மாலை வெயிலும், சுண்டலும், பட்டமும் தோன்றும். அந்தக் கரை அப்படிப்பட்டதன்று. சாம்பல் நிற வானம், விடாத தூறல், எலும்பைத் துளைக்கும் காற்று. இந்தப் பருவத்தில் எவராவது கடற்கரைக்கு வருவார்களா என்று எண்ணினேன். ஆனால் குடும்பம் குடும்பமாக மக்கள் தலை குனிந்து நடந்துகொண்டிருந்தனர். ஏதோ பெருங்கூட்டம் ஒன்று தொலைந்த சாவியைத் தேடுவது போல் இருந்தது அக்காட்சி.

அதற்குக் காரணம் உண்டு. கோடைகாலத்தின் மெல்லிய அலைகள் மணலைக் கரையில் கொண்டுவந்து சேர்க்கின்றன. குளிர்காலப் புயலலைகளோ பல அடி கனமுள்ள அம்மணலை அள்ளிக்கொண்டுபோய்க் கடலுக்குள் திட்டுகளாக வைத்துவிடுகின்றன. மணல் விலகிய இடத்தில், அதுவரை மறைந்து கிடந்த கூழாங்கற் படுகை வெளிப்படுகிறது. நவம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரை அந்தப் படுகைதான் தேடுவோரின் சுரங்கம். கோடையில் மீண்டும் மணல் வந்து மூடிக்கொள்ளும்.

தேடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நீரிறக்க வேளையாக இருக்க வேண்டும். கற்கள் நனைந்திருக்க வேண்டும். சூரியனை முகத்துக்கு நேராக வைத்து நடக்க வேண்டும். வெயிலை முதுகில் வாங்கி நடந்தால் எல்லாக் கற்களும் ஒன்று போலவே தெரியும். ஒளியை எதிர்கொண்டு நடந்தால், கறுப்பும் சாம்பலுமான ஆயிரம் கற்களுக்கு நடுவே ஒன்று மட்டும் உள்ளே விளக்கேற்றியது போல் ஒளிரும். அதுவே அகீக். ஒளி அதனுள் புகுந்து வெளியேறுகிறது. மற்றக் கற்களிலோ மேலேயே நின்றுவிடுகிறது. மேகம் சற்று விலகிய அரைமணி நேரத்தில் அவன் பதினொரு கற்கள் எடுத்தான். நான் எடுத்தவை மூன்று. அவற்றிலும் ஒன்று, அலை தேய்த்த பழைய புட்டித் துண்டு என்று பிறகு தெரியவந்தது.

இக்கல் உருவாகும் விதத்தை அவனே எனக்கு விளக்கினான். எரிமலைக் குழம்பு இறுகும்போது அதனுள் சிக்கிய காற்றுக் குமிழிகள் வெற்றறைகளாக நின்றுவிடுகின்றன. பாறையினூடே கசியும் நிலத்தடி நீர், தன்னுள் கரைந்த சிலிக்காவை அந்த அறைகளின் சுவரில் மெல்லிய ஏடுகளாகப் படியவிடுகிறது. ஏட்டின் மேல் ஏடாகப் படிந்து அறை நிரம்புகிறது. நாம் மிதிக்கும் மணலில் பெரும்பங்காக இருப்பதும் இந்தச் சிலிக்காவே. பிறகு மழையும் ஆறும் கடலும் தாய்ப்பாறையை அரிக்க, அதைவிடக் கடினமான அகீக் மட்டும் கரையாது எஞ்சுகிறது. கத்தி முனையால் அதைக் கீறிப் பார்த்தேன். கல்லில் கீறல் விழவில்லை, கத்தியின் இரும்புதான் அதில் கோடாக ஒட்டியது.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. மதீனாவுக்கு அருகில் 'வாதீ அல்அகீக்' என்னும் பள்ளத்தாக்கு இருப்பதை அறிவீர்கள். அங்கே இந்தக் கல் விளைவதால் வந்த பெயரன்று அது. வெள்ளம் அறுத்து உண்டாக்கிய ஓடையை அரபுகள் அகீக் என்பர். பிளத்தல் என்னும் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. நீர் அறுத்த பள்ளத்துக்கும், நீர் அறுத்து வெளிக்கொணரும் கல்லுக்கும் ஒரே பெயர் அமைந்திருப்பதை அந்தக் கரையில் நின்று எண்ணியபோது வியப்பாக இருந்தது.

மோதிரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நபி (ஸல்) அவர்களின் மோதிரம் வெள்ளியாலானது, அதன் கல் அபிசீனியக் கல் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அது ஜஸ்உ என்னும் வரிக்கல்லாகவோ அகீக்காகவோ இருக்கலாம், இரண்டின் சுரங்கங்களும் அபிசீனியாவிலும் யமனிலும் உள்ளன என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார்கள். இவ்வளவே உறுதியானது. அகீக் அணிந்தால் வறுமை நீங்கும், பரக்கத் பெருகும் என்றெல்லாம் நபியவர்கள் பெயரால் சொல்லப்படும் செய்திகளை ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஏற்கவில்லை. இமாம் இப்னுல் ஜவ்ஸீ அவற்றை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பிலேயே சேர்த்துவிட்டார். ஆகவே, "இது மந்திரித்த யமன் அகீக், கடன் தீரும்" என்று கூறி ஆயிரக்கணக்கில் விலை பேசுபவரிடம் உங்கள் பிள்ளைகளின் படிப்புக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். அழகுக்காக அணியுங்கள், அதில் குற்றமில்லை. நான் அந்தக் கரையில் காசின்றிப் பொறுக்கிய கல்லும் அதே இனம்தான்.

காசின்றி எடுப்பது கூடுமா என்று ஒருவர் கேட்கலாம். நீர், புல், நெருப்பு ஆகியவற்றில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நமக்குத் தெரிந்த ஹதீஸ். கடல் ஒதுக்கும் பொருளைப் பற்றி நம் ஃபுகஹாக்கள் நுணுக்கமாகவே பேசியிருக்கிறார்கள். மலையில் கிடைக்கும் ஃபைரூஸஜ் போன்ற கற்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு இல்லை என்று ஹிதாயாவில் ஓதியிருக்கிறோம். முத்துக்கும் அம்பருக்கும் அவ்வாறே இல்லை என்பர் இமாம் அபூஹனீஃபாவும் இமாம் முஹம்மதும். உண்டு என்பர் இமாம் அபூயூசுஃப். மதரஸாவில் இந்த மஸ்அலாவை ஓதியபோது, ஒருநாள் கைநிறையக் கல்லோடு ஈர மணலில் நின்று இதை நினைவுகூர்வேன் என்று நான் கருதியதில்லை.

ஓரிகன் மக்களும் தம் கடற்கரையைப் பொதுச்சொத்தாகவே காத்துவருகின்றனர். 1913இல் அங்கே ஆளுநராக இருந்த ஆஸ்வால்ட் வெஸ்ட், ஈரமணல் முழுவதையும் பொது நெடுஞ்சாலை என்று சட்டத்தால் அறிவிக்கச் செய்தார். ஒரு விடுதியார் தம் முன்னுள்ள உலர்மணலை வேலியிட்டு மறித்தபோது எழுந்த கிளர்ச்சியின் பயனாக, 1967இல் அப்பகுதியிலும் மக்கள் நடமாடும் உரிமை சட்டமாயிற்று. ஆனால் உரிமைக்கு அளவும் உண்டு. ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர் கொள்ளளவும், ஆண்டுக்கு மூன்று காலன் அளவுமே கல் எடுக்கலாம். அதுவும் சொந்தத் தேவைக்காக. கரையோரப் பாறைச் சுவரைக் குடையக் கூடாது. காவலர் எவரும் கண்ணில் படவில்லை. இருந்தும், வாளி நிறைந்ததும் தம்பி மகன் அதிலிருந்து சிறு கற்களைத் தேர்ந்து மீண்டும் படுகையில் போட்டதைக் கண்டேன்.

மூன்று மணிக்கெல்லாம் அஸ்ர் நேரம் வந்துவிட்டது. நாலரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும் நாடு அது. கடல்நீரில் உளூச் செய்தேன். அந்த நீரின் வெப்பம் பத்துப் பாகையளவுதான். கால் கழுவும்போது விரல்கள் இருப்பதே தெரியவில்லை. தொழுதபின் மீண்டும் நடந்தோம். "பெரியத்தா, கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள்" என்று அவன் இருமுறை சொன்னான். சிறுவன்தானே என்று புன்னகைத்தேன். ஒரு சிவந்த கல்லைக் கண்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன். அடுத்த நொடி என் கைச்சட்டையைப் பற்றி ஒருவன் வெறிகொண்டவன் போல் இழுத்தான். நான்கடி பின்னே விழுந்தேன். விழுந்தும் அலை என் முழங்காலுக்கு மேல் நனைத்துச் சென்றது. நான் நின்ற இடத்துக்கு அருகில் கிடந்த ஒரு முழு மரம், ஆள் தூக்க இயலாத அடிமரம், தக்கை போல் மிதந்து உருண்டது.

முன்னறிவிப்பின்றி மற்ற அலைகளைக் கடந்து மிகத் தொலைவு ஏறிவரும் அத்தகைய அலைகள் அந்தக் கரையில் குளிர்காலத்தில் வழக்கம். மரக்கட்டைகளைத் தூக்க முழங்கால் நீர்கூட வேண்டியதில்லை. அவை உருண்டு மனிதரை நசுக்கிவிடும். 2020 ஜனவரியில் இதே மாநிலக் கரையின் வடபகுதியில் அலை இழுத்துச் சென்று இரு குழந்தைகள் இறந்தனர். தந்தையர்களே, எந்தக் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றாலும், அந்தக் கரையை அறிந்தவரிடம் முதலில் கேளுங்கள். அவர் உங்களைவிட வயதில் இளையவராயினும் சரி.

இனி, நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

பெவர்லி கரையில் பாறைச் சுவர்களிலிருந்து உதிர்ந்த சாம்பல் நிறக் கற்பாளங்கள் மணலில் கிடக்கும். அவற்றில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பிகளும் நத்தைகளும் பதிந்திருக்கும். கையில் எடுத்தால் சிப்பியின் வரிகள் விரலுக்குத் தட்டுப்படும். ஆனால் அது கல். புதைபடிவம் என்று நம் பாடநூல்கள் அழைப்பது இதையே. ஒன்றை எடுத்துக் கொடுத்து அவன் கேட்டான்: "பெரியத்தா, இது ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. குர்ஆன் இதைப் பற்றி என்ன சொல்கிறது?"

நான் சற்றும் சிந்திக்கவில்லை. "நூஹ் (அலை) காலத்துப் பெருவெள்ளம் கொண்டுவந்து போட்டது, மகனே. இந்தக் கோடிக்கணக்கெல்லாம் அவர்களுடைய யூகம். இதில் அதிகம் கிளறாதே, ஈமானுக்கு நல்லதல்ல" என்றேன்.

அவன் மறுத்துப் பேசவில்லை. வாளியிலிருந்து இரண்டு பொருட்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். ஒன்று, அன்று காலை அலை ஒதுக்கிய புதிய சிப்பி ஓடு. மற்றொன்று, அந்தக் கல்லான சிப்பி. இரண்டிலும், ஏறக்குறைய ஒரே இடத்தில், ஊசிக் கொண்டை அளவில் வட்டமான ஒரு துளை. "இதைத் துளைத்தது ஒரு நத்தை. மணலுக்கடியில் சிப்பியைப் பிடித்து, நாவால் மெல்ல மெல்லத் துளைத்து, உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். ஒரு துளை போடவே நாள் கணக்கில் ஆகும். வெள்ளத்தில் அடித்துவரப்பட்டிருந்தால் அது நிதானமாக உட்கார்ந்து தின்றிருக்குமா?" என்று மட்டும் கேட்டான். பிறகு வண்டி வரும் வரை அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

சகோதரர்களே, அந்த மௌனம் அலையைக் காட்டிலும் என்னை அச்சுறுத்தியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஓர் ஆலிமிடம் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டால், அடுத்து அவன் எவரிடம் கேட்பான்? அல்லது, இந்தக் கேள்விக்கும் தொழுகைப் பாய்க்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டால்? அந்தச் சுவரைக் குர்ஆன் கட்டவில்லை. கட்டியவன் நான்.

அன்றிரவு தம்பியின் கணினியில் அமர்ந்து, நான் முன்பே படித்திருக்க வேண்டியவற்றைப் படித்தேன். பூமியின் வயது இவ்வளவு என்று குர்ஆனில் ஓரிடத்திலும் இல்லை. இறைவனிடத்தில் ஒருநாள் என்பது ஓரிடத்தில் நாம் எண்ணும் ஆயிரம் ஆண்டுகளாகவும், வேறோர் இடத்தில் ஐம்பதாயிரம் ஆண்டுகளாகவும் குறிக்கப்படுகிறது. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைப் பார்க்குமாறு ஸூரத்துல் அன்கபூத் ஏவுகிறது. நூஹ் (அலை) காலத்து வெள்ளம் உலகம் முழுவதையும் மூடியதா, அவர்களின் சமுதாயத்தார் வாழ்ந்த நிலத்தை மட்டுமா என்பதிலும் விரிவுரையாளர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. இவையெல்லாம் நான் ஓதியவையே. ஓதியும், அவன் கேட்ட நேரத்தில் என் நாவில் வந்தது வேறு.

எனக்கு உண்மையிலேயே வெட்கத்தைத் தந்தது மற்றொன்று. அல்பீரூனி 1025ஆம் ஆண்டளவில், கஸ்னாவில் இருந்தபோது எழுதிய 'தஹ்தீத்' என்னும் நூலில், அரபுப் பாலைவனத்தில் கிணறு வெட்டும்போது சிப்பிகள் பொதிந்த கற்கள் கிடைப்பதைக் குறிப்பிட்டு, அந்நிலம் ஒருகாலத்தில் கடலாக இருந்தது என்று முடிவு செய்திருக்கிறார். கடல் நிலமாகவும் நிலம் கடலாகவும் மாறுவதற்கு மனிதர் எழுதிவைத்த வரலாறு எட்டாத அளவு காலம் வேண்டும் என்பதையும் உணர்ந்திருந்தார். அவர் காலத்தவரான இப்னு ஸீனா (980–1037) 'ஷிஃபா'வில், விலங்கும் தாவரமும் கல்லாவதைப் பற்றி எழுதுகிறார். ஜைஹூன் ஆற்றங்கரையில் தாம் சிறுவராக இருந்தபோது மக்கள் தலை கழுவப் பயன்படுத்திய களிமண், ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் மென்கல்லாக இறுகியிருக்கக் கண்டதைச் சாட்சியாகச் சொல்கிறார். அப்பகுதியை 1200ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பியர் இலத்தீனில் பெயர்த்து, அரிஸ்டாட்டில் எழுதியது என்றே நெடுங்காலம் நம்பினர். நம் வீட்டுச் செல்வத்தை அவர்கள் வேறொருவர் பெயரில் போற்றிப் படித்தார்கள். நாமோ எவர் பெயரிலும் படிக்கவில்லை.

கோடி ஆண்டு என்பது வெறும் யூகமா என்பதையும் பார்த்தேன். அந்தச் சிப்பிப் படிவத்தின் மேல் எரிமலைக் குழம்பு பரவி இறுகியிருக்கிறது. இறுகிய பாறையிலுள்ள பொட்டாசியத்தின் ஒரு வகை, மாறாத வேகத்தில் ஆர்கான் வாயுவாகச் சிதைகிறது. எவ்வளவு ஆர்கான் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் பாறையின் வயது தெரியும். மேலே இருப்பதன் வயது ஒன்றரைக் கோடி ஆண்டு என்றால், கீழே இருப்பது அதைவிட முந்தியது. இது எண்ணெய்க் கறையைக் கொண்டு விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது எனக் கணிப்பது போன்ற கணக்கு. இதில் ஈமானைப் பறிக்கும் செய்தி எதுவும் எனக்குத் தென்படவில்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளில் கடற்சிப்பிகளும் சங்குகளும் கல்லாகக் கிடைப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை இவற்றைக் காட்டிலும் பன்மடங்கு பழையவை. நம் ஊர்ப் பேருந்து அந்த வழியாகத்தான் போகிறது.

ஃபஜ்ருக்குப் பின் தம்பி மகனை அழைத்தேன். "மகனே, கடற்கரையில் நான் சொன்னது தவறு. எனக்குத் தெரியாததைத் தெரிந்தது போல் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் இல்மில் ஒரு பகுதி, இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்கு அவர்கள் அப்படித்தான் பதிலளித்திருக்கிறார்கள்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுப் பழகாத தலைமுறை நாம். அவன் சற்று நேரம் என்னையே பார்த்தான். பிறகு அல்பீரூனி எந்த ஊர்க்காரர் என்று கேட்டான். குவாரிஸ்ம் என்றேன். அது எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிட்டான்.

ஊருக்குப் புறப்படும் நாளில் அந்தத் துளையுள்ள கற்சிப்பியை அவன் எனக்குக் கொடுத்துவிட்டான். அகீக் கற்களில் ஒன்றைத் தரட்டுமா என்றும் கேட்டான். இதுவே போதும் என்றேன். அது இப்போது பள்ளிவாசலில், மக்தப் நடக்கும் அறையின் அலமாரியில் இருக்கிறது. சென்ற வாரம் பிள்ளைகளுக்குக் காட்டி, நத்தை துளைத்த கதையைச் சொன்னேன். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு சிறுமி, "ஹஜ்ரத், தின்ற நத்தையும் கல்லாகிவிட்டதா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன், தம்பி மகனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறேன்.